எல்லோருக்கும் ஒரே சத்தம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் "சவுண்டு எடிட்டர்" என்று சொல்லிக்கொள்வேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். உண்மையில் நான் பார்ப்பது, பிறர் பேசி அனுப்புகிற ஒலித்துண்டுகளில் இருமலை வெட்டுவது, தும்மலை வெட்டுவது, குறைந்த சத்தத்தைக் கூட்டுவது, கூடின சத்தத்தைக் குறைப்பது. பாலக்காட்டில், கல்பாத்திக்குப் பின்னால் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து ஆறு வருடமாக இதைச் செய்துவருகிறேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுப்பட்டிப் பக்கம், ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில். ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய பத்து வீடுகளுக்குப் பெயர் லயம். ஒரு வீட்டில் குரல் உயர்ந்தால் பத்து வீட்டிலும் கேட்கும். சத்தத்துக்கும் எனக்குமான உறவு அங்கேதான் தொடங்கியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பிளஸ் டூவில் கணக்குப் பாடத்தில் போய்விட்டது. கம்ப்யூட்டர் சென்டரில் இந்தப் படிப்புக்குத்தான் இடம் காலியாக இருந்தது.

என் நிரந்தர வாடிக்கையாளர்கள் கல்பாத்தியைச் சேர்ந்த எட்டு மாமாக்கள். பேங்கிலும் ரயில்வேயிலும் இருந்து ஓய்வுபெற்றவர்கள். ஓய்வுபெற்ற மறுவாரமே, உலகத்துக்குச் சொல்லத் தங்களிடம் நிறைய இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வாரம் ஒன்று என்று ஒவ்வொருவரும் போனில் ஆன்மிகச் சொற்பொழிவு பதிவுசெய்து எனக்கு அனுப்புவார்கள். ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்கிறவர் மாதிரி முணுமுணுப்பார். இன்னொருவர் சாமியையே சஸ்பெண்ட் செய்யப்போகிற குரலில் அதட்டுவார். எட்டுப் பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். பேச ஆரம்பிக்கும் முன் ஐந்து விநாடி தொண்டையைக் கனைப்பார்கள்.

வாரக் கடைசியில் எல்லாத் துண்டுகளையும் மொத்தமாகச் சாப்ட்வேரில் போட்டு, நார்மலைஸ் என்ற கட்டளையைத் தட்டுவேன். அது ஒவ்வொரு துண்டிலும் எந்த இடத்தில் சத்தம் உச்சத்தில் இருக்கிறது என்று தேடும். அந்த உச்சி ஒரு கூரையைத் தொடும்வரை துண்டு முழுவதையும் தூக்கும். முணுமுணுப்பு மாமாவும் கூரையைத் தொடுவார், அதட்டல் மாமாவும் கூரையைத் தொடுவார். அதற்கடுத்து, முதல் ஐந்து விநாடியை எல்லாவற்றிலும் வெட்டிவிடு என்று இரண்டாவது கட்டளை. கனைப்பு போய்விடும். இந்த இரண்டையும் இதே வரிசையில் சேர்த்து, "மாமா" என்று பெயரிட்டு மெஷினில் சேமித்துவைத்திருந்தேன். ஒரு தட்டு தட்டிவிட்டு டீ போடப் போய்விடலாம். திரும்பி வரும்போது எட்டு மாமாக்களும் ஒரே சத்தத்தில் வரிசையாக நிற்பார்கள்.

ஒருமுறை அதட்டல் மாமா நேரில் வந்து இதைப் பார்த்தார். "அடேயப்பா, ஒரு தட்டு தட்டினா எல்லாரும் சமமாயிடறாளே! பேஷ்டா!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை தனியாக வந்தார். படியில் நின்றபடியே குரலைத் தாழ்த்தி, "நேக்கு மட்டும் சித்தே தூக்கி வெச்சுடேன். மத்தவாளுக்குத் தெரியவாண்டாம்" என்றார். மற்ற ஏழு பேரும் அந்த மாதத்துக்குள் ஒவ்வொருவராக வந்து இதையே சொன்னார்கள். நான் எட்டுப் பேருக்கும் சரி என்று சொன்னேன், ஒருவருக்கும் தூக்கிவைக்கவில்லை. எட்டுப் பேரும் தன்னுடையதுதான் தூக்கலாக இருப்பதாக நம்பித் திருப்தியாக இருந்தார்கள். அப்போது எனக்கு என்னைப்பற்றி ஒரு பெரிய எண்ணம் வந்துவிட்டது. பாலக்காடு ஜில்லாவில் பாரபட்சம் பார்க்காத ஒரே ஆள் நான்தான் என்று நம்ப ஆரம்பித்தேன்.

இப்படி நான் மிதப்பில் இருந்த சமயத்தில்தான் அக்காவின் விஷயம் வந்தது.

எனக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா. அதே எஸ்டேட்டில் இருபத்தாறு வருடமாகக் கொழுந்து எடுக்கிறாள். மச்சான் இறந்து நாலு வருடமாகிறது. மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அக்காவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. மேடு ஏறக்கூடாது, சுமை தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேயிலைக்காட்டில் மேடும் சுமையும் தவிர வேறு என்ன இருக்கிறது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம் இருந்தது. முன்னாலேயே வேலையை விட்டால் லயத்து வீட்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது, எந்த ஊரிலும் ஒரு செண்டு நிலம் கிடையாது. ஆக, அக்கா ஒன்று ஏற வேண்டும், இல்லையென்றால் இறங்கி ரோட்டுக்கு வர வேண்டும்.

அந்த நேரத்தில், அணையையும் மாட்டுப்பண்ணையையும் பார்த்து முடித்த பிறகும் சுற்றுலாக்காரர்களுக்குப் பொழுது மிஞ்சியிருக்கிறது என்பதைக் கம்பெனி கவனித்தது. பழைய ஸ்டோர் கட்டிடத்துக்கு வெள்ளையடித்து, கண்ணாடி வைத்து, "தேயிலை அனுபவ மையம்" என்று போர்டு மாட்டினார்கள். வருகிறவர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சுற்றிவர வேண்டும். ஹெட்போனுக்குள் எஸ்டேட்டுப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவார்கள். மழையில் நனையாமல், அட்டை கடிக்காமல், அனுபவம் மட்டும் கிடைக்கும். இதற்காக நாலு பெண்களைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தார்கள். அந்த நாலு பேர் குரல் கொடுப்பதோடு அந்த ஹாலிலேயே உட்கார்ந்து, வருகிறவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலை! வேலைக் கணக்கு தொடரும், வீடும் இருக்கும். அக்கா அந்த நோட்டீசை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டதாகப் பக்கத்து வீட்டு அக்கா எனக்குப் போனில் சொன்னாள்.

விண்ணப்பம் என்பது ஒரு ஒலித்துண்டு. அவரவர் போனில், முதல் ஐந்து விநாடிக்குள் தங்கள் நம்பரை, அதாவது வேலையில் இருப்பவர்கள் வேலை நம்பரை, மற்றவர்கள் விண்ணப்ப எண்ணைச் சொல்லிவிட்டு, கொடுத்த பத்தியைப் பேசி அனுப்ப வேண்டும். கேட்டுத் தேர்ந்தெடுக்கக் கொச்சியிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு. யார் எவர் என்று தெரிந்து யாரும் சாய்ந்துவிடக்கூடாது என்பதால், குழுவுக்குப் போகும் முன் நம்பர் சொல்கிற இடத்தை வெட்டிவிட வேண்டும். எல்லாத் துண்டுகளையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரவும் வேண்டும். இந்த வேலைக்கு ஆள் தேடியபோது, "எந்தம்பி பாலக்காட்டுல சத்த வேலைதான் பாக்குதான்" என்று வெல்ஃபேர் ஆபீசரிடம் சொன்னது அக்காதான்.

ஆபீசர் எனக்குப் போன் செய்தார். இருபது வருடம் தமிழ்ப் பெண்களோடு பேசிப் பேசி அவருடைய மலையாளம் பாதி தமிழாகியிருந்தது. "தம்பி, எல்லாவர்க்கும் ஒருபோலே ஆயிருக்கணும் கேட்டோ. நாளைக்கு ஒரு பராதி வரக்கூடாது" என்றார். பராதி என்றால் புகார். எஸ்டேட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த இடத்தில் என் மிதப்பு வாயைத் திறந்தது. "சார், என் அக்காவும் இதில் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அதனால் நான் ஒரு துண்டைக்கூடக் காதால் கேட்கப் போவதில்லை. எல்லாவற்றையும் மொத்தமாக மெஷினில் போட்டு எடுத்துவிடுவேன். மெஷினுக்கு அக்கா தங்கச்சி கிடையாது" என்றேன். ஆபீசர் உருகிவிட்டார். உருகின கையோடு, இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டார். நானும் உட்கார்ந்து நல்ல தமிழில் எழுதினேன். "அனைத்து ஒலிப்பதிவுகளும் எவருக்கும் சலுகையின்றி ஒரே அளவுக்குக் கொண்டுவரப்பட்டன. என் குடும்பத்தினர் விண்ணப்பித்திருப்பதால் எந்தப் பதிவையும் நான் செவிமடுக்கவில்லை." செவிமடுக்கவில்லை என்ற சொல்லைப் போட்டதில் எனக்குத் தனி சந்தோஷம். எழுதி முடித்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

பேசவேண்டிய பத்தியை எழுதியவர் கொச்சியில் விளம்பரம் எழுதுகிறவராக இருக்க வேண்டும். "மூடுபனி தவழும் மலைச்சரிவுகளில் எங்கள் விரல்கள் நடனமாடுகின்றன" என்று தொடங்கியது. பதிவு செய்கிற நாட்களில் அக்கா ஒருமுறை கூப்பிட்டாள்.

"என்னலே இது, வெரலு ஆடுதாம்லா? கொழுந்து வெட்டுத கத்தரியப் புடிச்சுப் புடிச்சு எங்களுக்கு வெரலு மடங்கவே மாட்டேங்குது. ஆடுதாம்!"

"எழுதிக் குடுத்தத அப்படியே பேசுக்கா. ஒண்ணும் மாத்தாத."

"மாத்தல, மாத்தல. அனுப்பிட்டேன். பாத்துக்கோ."

"பாத்துக்கிடுதேங்க்கா" என்றேன். கேட்கமாட்டேன் என்று ஆபீசருக்கு எழுதிக்கொடுத்ததை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள் என்று தெரியும்.

நாற்பத்தொரு துண்டுகள் வந்தன. நியாயவான் என்ன செய்தான்? சத்தத்தை ஒன்றாக்க வேண்டும், முதல் ஐந்து விநாடியை வெட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று யோசித்தான். அதற்குத்தான் "மாமா" இருக்கிறாரே! நாற்பத்தொன்றையும் அள்ளி அதில் போட்டேன். ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கி வைத்தேன், தவறிக்கூட அக்காவின் குரல் காதில் விழுந்துவிடக்கூடாது என்று. அந்தக் காட்சியை யாராவது பார்த்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து, முடிந்த துண்டுகளை அனுப்பிவைத்தேன். வேலை முடிய ஏழு நிமிடம் ஆயிற்று.

பதினைந்து நாளில் நோட்டீஸ் போர்டில் நாலு பெயர்கள் வந்தன. ஆபீஸ் கிளார்க்கின் மகள், ஃபேக்டரி ஆபீசரின் அண்ணன் மகள், தேவிகுளத்தில் டிகிரி முடித்துவிட்டுச் சும்மா இருந்த இரண்டு பெண்கள். எல்லாம் நல்ல பிள்ளைகள், அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. காட்டில் வேலை செய்கிற இருபத்தொன்பது பெண்களில் ஒருவர்கூட வரவில்லை. குழு தன் அறிக்கையில் அதற்குக் காரணமும் எழுதியிருந்தது. களப்பணிப் பெண்களின் குரல்களில் ஆற்றல் போதவில்லை, தயக்கம் தெரிகிறது, குரல் கேட்பவரை எட்டவில்லை.

அன்று மாலை அக்கா கூப்பிட்டாள். பேச ஆரம்பிக்கும் முன்பே சிரித்தாள்.

"எங்க சத்தம் எட்டலையாம்லே! சூப்பர்வைசரு வாசிச்சுக் காட்டுதாரு, காடே சிரிச்சுப் போச்சு. அந்தக் கடேசி வீட்டுக்காரி, அவ எட்டாம் நம்பர் காட்டுல நின்னு புருசன வைவா, அவன் கீழ டீக்கடையில கிளாசக் கீழ வச்சிருவான். அவ சத்தமும் எட்டலையாம்!"

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, "அப்ப ஏறித்தான் ஆகணும் போல" என்றாள். அதற்குப் பிறகு மகளின் பரீட்சையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரியே மெஷினைத் திறந்து, நான் அனுப்பிய துண்டுகளைப் படமாக விரித்துப் பார்த்தேன். சத்தம் கூடின இடம் தடிப்பாகவும், குறைந்த இடம் நூலாகவும் தெரியும். கிளார்க் மகளின் துண்டு நல்ல கொழுகொழுவென்று இருந்தது. காட்டுப் பெண்களின் இருபத்தொன்பதும் வெறும் நூல். அவர்கள் முதலில் அனுப்பிய துண்டுகளைத் திறந்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் கூரையை முட்டிக்கொண்டு ஒரு தடிப்பு, அதற்குப் பின்னால் நூல். ஸ்பீக்கர் வயரைத் திரும்பச் சொருகி, கைக்கு வந்த ஒன்றைத் தட்டினேன்.

"எரநூத்தி பதினேழேய்ய்ய்!"

தண்ணீர்ப் பாட்டில் கீழே விழுந்தது. கீழ்வீட்டு மாமி என்னடா என்று கேட்டாள். அதை அடுத்து, அதே தொண்டையிலிருந்து, மூக்கு நுனியைத் தாண்டாத ஒரு குரல் வந்தது. "மூடுபனி தவழும்..."

தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எஸ்டேட்டில் காலை ஏழு மணிக்குப் பெரட்டு. எல்லோரும் ஒரு திடலில் கூடி, அன்றைய வேலைக்குப் பெயர் கொடுப்பதுதான் பெரட்டு. பனி மூடி, பக்கத்தில் நிற்பவள் முகமே தெரியாது. குனிந்து எழுதுகிறவர் காதில் நம்பர் விழவில்லை என்றால் அன்றைக்குப் பெயர் விழாது, வந்த வழியே வீட்டுக்குப் போகலாம். அதனால் பெண்கள் தங்கள் நம்பரைச் சொல்வதில்லை, கூவுவார்கள். இப்போது விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டது. ஆனால் இருபது வருடம் கொழுந்து எடுத்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மெஷின் ஒத்துக்கொள்ளாது. திரும்பவும் கூவல்தான். நம்பரைச் சொல் என்றால் அந்தப் பெண்களின் வயிற்றிலிருந்து அது தானாகக் கிளம்பிவரும். அதே பெண்கள் ஆபீசுக்குப் பேசுவதாக இருந்தால், வீட்டில் தனியாக இருந்தாலும், தலைத்துண்டை எடுத்து இடுப்பில் செருகி, குரலைத் தொண்டைக்குள் இழுத்துக்கொள்வார்கள். காட்டுக்கு ஒரு குரல், ஆபீசுக்கு ஒரு குரல். இருபத்தொன்பது பேரும் ஐந்து விநாடிக் காட்டுக்குரலில் நம்பரைக் கூவிவிட்டு, மீதியை ஆபீஸ் குரலில் பேசியிருந்தார்கள்.

மெஷின் என்ன செய்யும்? உச்சியைத் தேடியது. நம்பர் ஏற்கெனவே கூரையை முட்டிக்கொண்டு நின்றது. சரி, இவள் சத்தமாகத்தான் பேசுகிறாள், இவளைத் தூக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. அதன் பிறகு "மாமா" சமர்த்தாக முதல் ஐந்து விநாடியை வெட்டி எறிந்தார். மிஞ்சியது நூல். டிகிரி படித்த பிள்ளைகள் வேலைக்கே போகாததால் அவர்களுக்குக் கூவல் தெரியாது. "வணக்கம், என் விண்ணப்ப எண் நான்கு" என்று செய்தி வாசிக்கிற பெண் மாதிரி சீராகப் பேசியிருந்தார்கள். மெஷின் அவர்களை முழுதாகத் தூக்கிக் கூரையில் உட்காரவைத்துவிட்டது.

வரிசையை மாற்றியிருந்தால் போதும். முதலில் வெட்டு, பிறகு தூக்கு. இதைக் கொச்சிக்காரன் அறியாமல் செய்தால் மன்னிக்கலாம். அந்தக் கூவலைக் கேட்டே தினமும் கண் விழித்தவன் நான். என் அம்மாவின் நம்பரை, என் பெயரை எழுதக் கற்றுக்கொள்ளும் முன்பே தெரிந்துவைத்திருந்தவன். ஒரே ஒரு துண்டை, ஒரே ஒரு விநாடி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் நான்தான் செவிமடுக்கவில்லையே! எனக்கு என்மேல் வந்த கோபத்தில் "மாமா"வை மெஷினிலிருந்து அழித்தேன். மறுவாரம் திரும்பவும் செய்துவைக்க வேண்டியிருந்தது.

வரிசையை மாற்றி நாற்பத்தொன்றையும் திரும்ப ஓட்டினேன். நூலெல்லாம் தடித்தது. ஒவ்வொன்றிலும் தொடக்கம் மட்டும் பத்து விநாடி கேட்டுச் சரிபார்த்தேன், தொழில் பழக்கம் அப்படி. எல்லாம் நன்றாக வந்திருந்தன. அக்காவின் துண்டும் பத்து விநாடி கேட்டேன். கம்மின, அடியில் ஈரம் இருக்கிற குரல். விளம்பரக்காரரின் பத்திக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. ஒரு பென் டிரைவிலும் என் போனிலும் போட்டுக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறினேன்.

சித்தூர், மீனாட்சிபுரம், பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குப் போகக் கேரளாவை விட்டு வெளியே போய்த் திரும்ப உள்ளே வர வேண்டும். மீனாட்சிபுரத்தில் பால் சொசைட்டி கேன்களை ஏற்றுவதற்காக ரோட்டின் குறுக்கே நின்ற லாரி எங்கள் பஸ்ஸைக் கால்மணி நேரம் நிறுத்திவைத்தது. பக்கத்து சீட்டுக்காரர், "ஏனுங்க, எங்கீங்க போறீங்க?" என்று கேட்டார். ஒரு தப்பைத் திருத்தப் போகிறேன் என்று சொல்லலாமா என்று யோசித்து, மூணாறு என்று சொன்னேன். ஆபீசரிடம் பேசவேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். என் ஒத்திகையில் ஆபீசர் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார்.

நேரில் ஆபீசர் எழுந்திருக்கவில்லை. ஆனால் பொறுமையாகக் கேட்டார். பென் டிரைவைச் சொருகி, நாலைந்து துண்டுகளைப் போட்டுப் பார்த்தார். "நல்ல கிளியர் ஆணு தம்பி. இது முன்னாடியே வந்திருந்தா ஒருவேளை இந்தச் சேச்சிமார்தான் செலக்ட் ஆயிருப்பார்" என்று மனதாரச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு ஃபைலைத் திறந்து, என் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது நீ எழுதினதல்லே?"

"ஆமா சார்."

"ஒருபோலே ஆக்கியாச்சுன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டு. கமிட்டி கேட்டு, தீருமானம் எடுத்து, அந்த நாலு குட்டிகளுக்கு ஆர்டரும் கொடுத்து. இப்ப நீ வந்து, மாத்தி வேற சத்தம் கொண்டுவந்திருக்கேன்னு சொன்னா, ஜனம் என்ன பறயும்? சொந்தம் சேச்சிக்கு வேண்டி செஞ்சான்னு பறயும். பராதி ஆகும்."

"சார், ஆனா இதுதான் சரியான..."

"எனக்கு மனசிலாச்சு தம்பி. பேப்பருக்கு மனசிலாகாது." கடிதத்தைத் திரும்ப ஃபைலுக்குள் வைத்து, கயிற்றைக் கட்டினார். "அடுத்த சீசன்ல நோக்காம், பார்க்கலாம்."

என் நல்ல தமிழ் அவ்வளவு பத்திரமாக ஒரு இடத்தில் பாதுகாக்கப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. வெளியே வரும்போது அந்த அனுபவ மையத்தின் வாசல் வழியாகத்தான் வந்தேன். கிளார்க் மகள் புதுச் சேலையில் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, "வாங்கண்ணே" என்றாள்.

லயத்துக்குப் போனபோது அக்கா காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, இரண்டு முட்டிக்கும் உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. என்னலே திடீர்னு என்று கேட்டபடி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நீ இரு என்று சொல்லிவிட்டு, நானே டீ போட்டு இரண்டு கிளாசில் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்ததால் நிறைய விளக்கினேன். உச்சி என்றேன், கூரை என்றேன், வெட்டிவிட்டுத் தூக்க வேண்டும், நான் தூக்கிவிட்டு வெட்டிவிட்டேன் என்றேன். ஆபீசர் கடிதத்தைக் காட்டியதையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்று ஒரே ஒரு தடவை சொல்வதற்கு எனக்கு அரைமணி நேரம் தேவைப்பட்டது. ஒத்தடத் துணி ஆறிப்போய் முட்டியின்மேலேயே கிடந்தது.

"அப்ப நீ கேக்கவே இல்லையா?" என்றாள்.

"யாரோடதையும் கேக்கலக்கா. எல்லாருக்கும் நியாயமா இருக்கணும்னுதான்..."

"நியாயம் கெடக்கட்டும்லே. நான் பேசுனதக் கடேசி வரைக்கும் கேட்டியா, இல்லையா?"

"இப்பத்தான் கேட்டேன். மொதல் பத்து செகண்டு."

அவள் என் போனைக் கண்ணால் காட்டினாள். எடுத்து, அவளுடைய துண்டைப் போட்டேன். மூடுபனி தவழ்ந்தது, விரல்கள் நடனமாடின, தலைமுறைகளின் மணம் கோப்பையில் நிறைந்தது. பத்தி முடிந்தது. இரண்டு விநாடி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு, ஆபீஸ் குரலும் இல்லாமல், காட்டுக் குரலும் இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலில் அவள் பேசினாள்.

"லே தம்பி, சத்தம் எடுபடுதா? எனக்கு என்னமோ கொறச்சலாப் பேசுன மாதிரி இருக்கு. சரியில்லன்னா ஒரு போன் போடு, மறுக்காப் பேசி அனுப்புதேன். மூணு நாளு இருக்கு. இதக் கடேசில வெட்டிப்போடு, என்ன."

போனை அணைத்தேன். கிளாசில் பாதி டீ இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணு நாளும் போனத் துணியில சுத்தி இடுப்புலதான் வச்சிருந்தேன், கொழுந்து வெட்டயிலயும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீ கூப்புடலையா, சரி, தம்பி கேட்டிருப்பான், சத்தம் நல்லாத்தான் வந்திருக்குன்னு இருந்துட்டேன்."